வில்ஃபின் கடைசிக் குலுக்கல்

ஏவிஸ் கார்ட்மெல்லின் கணவர் வில்ஃப் ஒரு நவம்பரில் இறந்தார். அடுத்து வந்த டிசம்பரில் அவருக்கு இருபத்தைந்து பவுண்டு பரிசு விழுந்தது. பிப்ரவரியில் ஐம்பது விழுந்தது. மே மாதத்தில் ஒரே குலுக்கலில் இரண்டு பரிசுகள் வந்தன. உயிரோடிருந்த காலத்தில் அப்படி இரட்டைப் பரிசு அவருக்கு ஒருமுறைகூட வாய்த்ததில்லை என்று ஏவிஸ் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் பெருமையா குறையா என்று எனக்கு விளங்கவில்லை.

இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள செயின்ட் ஆன்ஸ் ஊரில் இதை யாரும் விசித்திரமாகக் கருதவில்லை. அரசின் பரிசுப் பத்திர அலுவலகம் நெடுங்காலம் இந்தக் கடற்கரையில்தான் இயங்கியது. எண்களை எடுக்கும் எந்திரத்தைப் பற்றி, பக்கத்துத் தெருவில் குடியிருந்து பிறகு வேறு ஊருக்குப் போய்விட்ட உறவினரைப் போல இங்குள்ளவர்கள் பேசுவார்கள். ஒரு பவுண்டுக்கு ஓர் எண். போட்ட பணம் குறையாது. வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வட்டி மட்டும் கிடையாது. எல்லாருடைய வட்டியும் ஒரே குவியலாகச் சேர்ந்து, மாதந்தோறும் சிலருக்குப் பரிசாகப் போகும். பத்திரக்காரர் இறந்துவிட்டால் அவருடைய எண்கள் பன்னிரண்டு மாதம் வரை குலுக்கலில் இருக்கலாம். அதன்பின் பணமாக்கிவிட வேண்டும். மனைவியின் பெயருக்கு மாற்ற வழியில்லை.

வில்ஃபின் பெயரில் இருபத்திரண்டாயிரம் பவுண்டு இருந்தது. நவம்பருக்குள் அதை எங்கே போடுவது என்று ஏவிஸ் தீர்மானித்தாக வேண்டும். அந்த ஒரு தீர்மானத்தில்தான் அவருடைய கட்டைவிரலும் மாட்டிக்கொண்டிருந்தது.

ஏவிஸ் வீடு வீடாகச் சென்று முடி திருத்துபவர். ஃப்ளீட்வுட் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்து, பதினைந்து வயதில் முடிதிருத்தகத்தில் தரை பெருக்கச் சேர்ந்து, பிறகு சொந்தக் கடை வைத்து, வாடகை ஏறியதும் கடையை மூடி, சாமான்களைச் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டவர். வெளியே வர முடியாத முதிய பெண்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். தலையை அலசி, ஈர முடியைப் பிரித்து ரோலர்களில் சுற்றி, முடி உலர்த்தியின் கூட்டுக்குள் உட்காரவைத்து, பிறகு சீவி நிறுத்துவார். எழுபது வயதில் வலக்கைக் கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கிவிட்டது. ரோலரைச் சுற்றி ஊசியைச் செருகும் அந்த ஒரு அசைவைத்தான் விரல் மறுத்தது. மருத்துவர் வேலையைக் குறைக்கச் சொல்லியிருந்தார். வியாழனையும் வெள்ளியையும் விட்டுவிட்டால், அந்த வருமானத்துக்கு ஈடாக மாதம் எண்பது பவுண்டாவது வேறெங்கிருந்தாவது வர வேண்டும்.

அவருடைய வீட்டின் பின்னறையில் நான் மூன்று ஆண்டுகள் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து நகரமான ப்ரெஸ்டனில் ஆய்வு மாணவன். வியாழக்கிழமைகளில் எனக்கு வகுப்பில்லாததால் உலர்த்தியைத் தூக்க உடன் போவேன்.

வில்ஃபை எனக்கு இரண்டு ஆண்டுகள் தெரியும். நகரசபையின் பந்துருட்டும் புல்வெளிகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவர். மாதத் தொடக்கத்தில் பரிசு முடிவு வெளியாகும் காலையில் கைப்பேசியைக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "வரலை" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு தேநீர்க் கெண்டியை அடுப்பில் வைப்பார். பரிசு வந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் மேலங்கியை மாட்டிக்கொள்வார். அன்று மாலை இரண்டு பேருக்கும் கடையிலிருந்து பொரித்த மீன், சிப்ஸ், பிசைந்த பட்டாணி. என்னையும் சேர்த்துக்கொண்ட பிறகு மூன்று பேருக்கு.

டிசம்பரில் அவர் பெயருக்குப் பரிசு வந்தபோது ஏவிஸ் கடைக்குப் போய், பழக்கத்தில் மூன்று பொட்டலம் வாங்கி வந்துவிட்டார். மூன்றாவதை மேசையில் தனியாக நகர்த்தி வைத்தார்.

"செத்துப்போன ஆளோட காசுல சாப்பிடறோமா, இல்ல அவரு நமக்கு வாங்கிக் குடுக்கறாரா? எது கண்ணு?"

மூன்றாவது பொட்டலத்தை நாங்கள் பாதிப் பாதியாகத் தின்றோம்.

வியாழக்கிழமைச் சுற்றின் கடைசி வீடு ஹில்டா த்ரெல்ஃபாலுடையது. எண்பத்தாறு வயது. பரிசுப் பத்திர அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்தவர் என்பதால், அந்த விஷயத்தில் தெரு முழுவதும் அவர் சொல்லே இறுதியாக இருந்தது. அங்கே அவர் பார்த்த வேலை மாடி மாடியாகத் தேநீர் வண்டி தள்ளுவது.

"பழைய நம்பர் எல்லாம் தூங்கிரும்டீ" என்றார் ஹில்டா, செப்டம்பர் முதல் வியாழனன்று, தலை நிறைய ரோலர்களோடு. "எந்திரத்துக்குப் புதுசுதான் புடிக்கும். வில்ஃபோட நம்பரெல்லாம் எப்ப வாங்கினது? ஓய்வு பெற்றப்போ. அதெல்லாம் குறட்டை விட்டுக்கிட்டுக் கெடக்குது."

"மே மாசம் ரெண்டு வந்துச்சே, ஹில்டா."

"தூக்கத்துல புரண்டு படுத்திருக்கும்."

நான் குறுக்கிட்டேன். எந்த எண்ணுக்கும் வாய்ப்பு ஒன்றுதான். இன்று மக்களிடம் இருக்கும் எண்களில் பெரும்பாலானவை அண்மையில் வாங்கியவை. ஆகவே பரிசு பெறும் எண்களிலும் பெரும்பாலானவை அண்மையில் வாங்கியவையாகவே இருக்கும் என்று விளக்கினேன்.

ஹில்டா உலர்த்தியின் கூட்டிலிருந்து தலையை வெளியே நீட்டினார். "அப்போ ஜெயிக்கிறதெல்லாம் புதுசுதான்னு நீயே சொல்ற."

"புதுசு நிறைய இருக்கறதால..."

"அதைத்தானே நானும் சொல்றேன்! படிச்ச பையன், சுத்தி வளைச்சு நான் சொன்ன எடத்துக்கே வந்துட்டான் பாரு, ஏவிஸ்."

ஏவிஸ் என்னைப் பார்த்தார், ஹில்டாவைப் பார்த்தார், உலர்த்தியின் சூட்டைக் கூட்டினார். காரில் திரும்பும்போது கேட்டார்: "இப்ப நீங்க ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொன்னீங்களா, வேற வேற சொன்னீங்களா?" வேறு வேறு என்றேன். "ஆனா வார்த்தை ஒண்ணா இருந்துச்சே" என்றார்.

ஹில்டாவின் யோசனை எளிமையானது. இந்தக் கடற்கரையில் பலரும் செய்வதும் அதுதான். பழைய பத்திரத்தைப் பணமாக்கி, அந்தப் பணத்துக்கே புதிதாக வாங்குவது. இதற்கு 'நம்பரைப் புதுப்பிக்கிறது' என்று பெயர். வாங்கிய பணம் ஒரு முழு மாதம் சும்மா கிடந்த பிறகே குலுக்கலில் சேரும் என்பதால், மாதத்தின் கடைசி நாளில் வாங்குவதே கெட்டிக்காரத்தனம். செப்டம்பர் முடிவதற்குள் ஏவிஸ் தன் பெயரில் வாங்கிவிட்டால் அக்டோபர் சும்மா போகும். நவம்பர்க் குலுக்கலில் புது எண்கள் துள்ளிக்கொண்டு நிற்கும்.

மகள் ஜனீனின் யோசனை வேறு. அவர் ப்ரெஸ்டனில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேலாளர். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, ஆட்டிறைச்சி வறுவலைச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவின் வலக்கையைப் பிடித்துப் பார்ப்பார்.

"அம்மா, இது கட்டைவிரலா, வெங்காயமா?"

"பொழப்புடி அது."

"அதான் சொல்றேன். ஒரு வருஷ வைப்புல போடு. நிச்சய வட்டி. நூத்துக்கு நாலுக்கு மேல தர்றாங்க. மாசாமாசம் எண்பது பவுண்டு கிட்ட உன் கணக்குக்கு வந்து விழும். நீ வியாழன், வெள்ளி கால நீட்டி உக்காரு."

"உங்கப்பாவோடதுல வரி கெடையாதே."

"உன் வட்டிக்கும் வரி கெடையாது. ஆயிரம் பவுண்டு வரைக்கும் கேக்கமாட்டாங்க. வரி இல்லைங்கறது கோடீஸ்வரனுக்கு லாபம்மா. உனக்கு என்ன லாபம்?"

"பத்து லட்சம் விழுந்தா?"

"விழாது."

"யாருக்கோ விழுதே."

"அந்த யாரோ நீ இல்ல." ஜனீன் தட்டுகளை அடுக்கினார். "அப்பா அத்தனை வருஷம் வச்சிருந்தாரே, ஒருதடவையாவது ஐந்நூறைத் தாண்டி வந்துச்சா?"

ஜனீனின் கார் கிளம்பிய பிறகு, சமையலறையில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: "அந்த நிச்சய வட்டி இருக்குல்ல, கண்ணு. அது எந்த நாள்ல வரும்னு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்."

"எவ்வளவு வரும்னும் தெரியும்."

"ஆமா."

"அப்போ வந்துருச்சான்னு எதுக்குப் பாக்கறது?"

பார்க்க வேண்டியதில்லை, அதுவே அதன் நன்மை என்றேன். அவர் முகத்தில் அந்த நன்மை சென்று சேரவில்லை.

எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் தெளிவு பிறக்கும் என்பது என் நம்பிக்கை. வில்ஃபின் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பரிசுகளை ஆண்டுவாரியாகத் தொகுத்து, அதே பணம் சேமிப்புக் கணக்கில் இருந்திருந்தால் என்ன வட்டி வந்திருக்கும் என்று எதிரே எழுதினேன். தெளிவு பிறக்கவில்லை. ஓய்வு பெற்ற ஆண்டிலிருந்து கணக்கிட்டால் பத்திரம் தோற்றது. வங்கிகள் வட்டி என்ற பெயரில் சில்லறை கொடுத்த அந்தப் பத்தாண்டை மட்டும் எடுத்தால் பத்திரம் ஜெயித்தது. கடைசி மூன்று ஆண்டுகளில் மறுபடி தோற்றது. பங்குச் சந்தையில் போட்டிருந்தால் இரண்டையும் விட மிகுந்திருக்கும். ஆனால் நடுவில் சந்தை சரிந்த ஒரு மார்ச் மாதத்தில் வில்ஃப் பயந்து எல்லாவற்றையும் விற்றிருப்பார் என்று ஏவிஸ் உறுதியாகச் சொன்னார். அப்படி விற்றிருந்தால் எல்லாவற்றிலும் கடைசி. விலைவாசியைச் சேர்த்தபோது எல்லாமே தோற்றன.

பரிசு வீதம் என்று அறிவிக்கப்படும் எண்ணிலும் ஒரு சிக்கல் இருந்தது. அது எல்லாருக்குமான சராசரி. அந்தச் சராசரியில் மாதந்தோறும் இருவர் மட்டும் அள்ளிக்கொண்டு போகும் பத்து லட்சங்களும் அடக்கம். நடுத்தர அதிர்ஷ்டம் உள்ளவருக்கு அதைவிடக் குறைவாகவே வரும். வில்ஃபின் தொகைக்குச் சராசரி மாதம் எழுபது என்றால், நடைமுறையில் ஐம்பத்தைந்தோ அறுபதோதான்.

"ஆக, சராசரி ஆளுக்குச் சராசரி வராதா?" என்றார் ஏவிஸ்.

"பெரும்பாலும் வராது."

"அப்புறம் அதை ஏன் சராசரிங்கறீங்க?"

நான் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் வேறு விதமாக விளக்க முயன்றேன். சிறிது நேரத்தில் எனக்கே அது குழம்பியது. அவர் என் தோளில் தட்டிவிட்டு உறங்கப் போனார்.

ஏவிஸின் சொந்த விருப்பம் ஒன்றே ஒன்றுதான். அதை அவர் யாரிடமும் வாதமாக வைக்கவில்லை. நவம்பர்க் குலுக்கல் வரை எண்கள் அப்படியே இருக்கட்டும், சட்டம் அனுமதிக்கும் கடைசிக் குலுக்கல் வரை வில்ஃப் அதில் இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதில் பணநட்டம் ஏதும் இல்லை என்று நானும் சொன்னேன். இரண்டு மாதம் தாமதித்தால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சில பவுண்டுகள்தான் வேறுபடும்.

"சில பவுண்டுதானா? அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் இந்தக் கத்து கத்தறாங்க?"

செப்டம்பர் நடுவில் ஒரு வியாழனன்று ஜனீன் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களோடு ஹில்டா வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மாவின் மனத்தைக் கெடுப்பது ஹில்டாதான் என்பது அவர் எண்ணம். இரண்டு எதிரிகளும் நேருக்கு நேர் அமர்ந்தார்கள். ஒருவர் தலையில் ஈரம்.

"வாம்மா பல்லு டாக்டர்" என்றார் ஹில்டா.

"டாக்டர் இல்ல, ஹில்டா. போன் எடுக்கறவ."

"நானும் அதிகாரி இல்லதான். டீ குடுத்தவ. சொல்லு, அம்மா என்ன பண்ணணும்?"

"அப்பா பத்திரத்தை உடனே காசாக்கணும். இந்த மாசக் கடைசியோட அந்த வட்டித் திட்டத்தை மூடறாங்க."

ஹில்டா நிமிர்ந்தார். ஏவிஸின் விரலிலிருந்து ஒரு ரோலர் நழுவித் தரையில் உருண்டது. "இதத்தானேடி நான் ஒரு மாசமா அடிச்சுக்கறேன்! உடனே காசாக்கு, மாசக் கடைசிக்குள்ள வாங்கு!"

"வாங்கறது வேண்டாம். காசாக்கினா போதும்."

"மொதல்ல காசாக்கட்டும். மத்ததுக்கு அப்புறம் சண்ட போட்டுக்கலாம்."

"சரி."

இருவரும் ஒரே பக்கம் நின்றதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஏவிஸ் குனிந்து ரோலரை எடுத்தார். எடுத்து அதன் மீதிருந்த ஒரு முடியை நீண்ட நேரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நவம்பர் வரைக்கும் விட்டு வைக்கலாம்னு பாத்தேன்" என்றார்.

"எதுக்கு?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அவரால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் இருவரும் உடனே வாயை மூடியிருப்பார்கள் என்று பின்னாளில் ஜனீன் என்னிடம் சொன்னார். அன்று ஏவிஸ் சொன்னது இவ்வளவுதான்: "என்னமோ, தெரியல." மாலையில் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் ஜனீன் அதை அஞ்சலில் சேர்த்தார்.

விரைவாகச் செய்ய வேண்டும் என்று சொன்ன யாரும், இறந்தவரின் பணம் எவ்வளவு விரைவாக வரும் என்று கேட்கவில்லை. ஹில்டா தன் சொந்தப் பத்திரங்களைப் புதுப்பிக்கும்போது பணம் மூன்றே நாளில் கணக்குக்கு வந்துவிடும், அதையே நினைத்திருந்தார். ஜனீனும் அப்படியே. என் அட்டவணையிலும் அதற்கென்று ஒரு பத்தி இல்லை. இறந்தவரின் கணக்கை முடிக்கச் சான்றுகளைச் சரிபார்க்க வேண்டும்; அதற்குப் பல நாள் பிடித்தது. செப்டம்பர் முடிந்தது. அந்த வட்டித் திட்டம் சொன்னபடி மூடப்பட்டது. அக்டோபர்க் குலுக்கலில் வில்ஃபின் எண்கள் இருந்தன, ஒன்றும் விழவில்லை. அக்டோபர் நடுவில் இருபத்திரண்டாயிரம் பவுண்டு ஏவிஸின் அன்றாடக் கணக்கில் வந்து உட்கார்ந்தது. புதிதாக வாங்கினால் டிசம்பரில்தான் குலுக்கலில் சேரும். நவம்பரில் வில்ஃபும் இல்லை, ஏவிஸும் இல்லை.

ஜனீன் தொலைபேசியில் ஹில்டாவைக் குறை கூறினார். ஹில்டா ஜனீனைக் குறை கூறினார். ஏவிஸ் யாரையும் குறை கூறவில்லை. வேறு வைப்புத் திட்டங்கள் இருந்தன. வட்டி சற்றுக் குறைவு. ஜனீன் மூன்றின் விவரங்களை அனுப்பினார். ஏவிஸ் மூன்றையும் படித்தார். நாள் தவறாமல் படித்தார். பணம் வட்டியும் இன்றி, பரிசும் இன்றி அப்படியே கிடந்தது. நான் கணக்கிட்ட எல்லா வழிகளிலும் மோசமான வழி அது ஒன்றுதான்.

நவம்பர் முடிவு வெளியான காலையில், ஏவிஸ் கைப்பேசியைக் கண்ணருகே பிடித்தபடி சமையலறையில் நின்றிருந்தார்.

"உள்ளயே விடமாட்டேங்குது. அந்தக் கணக்கு இல்லங்குது."

"ஆமா. முடிச்சாச்சு இல்லையா."

"இருந்திருந்தா விழுந்திருக்குமா?"

அதைச் சொல்ல முடியாது என்றேன்.

"உன் கணக்குல பாத்துச் சொல்லேன்."

"கணக்குப் போட முடியாது, ஏவிஸ். அந்த எண்கள் குலுக்கல்லயே இல்ல. இல்லாத எண்ணுக்கு விழுந்ததா விழலையான்னு கேள்வியே கெடையாது."

"ஆக, விழுந்துச்சுன்னும் இல்ல. விழலைன்னும் இல்ல."

"ஆமா."

"'வரலை'ன்னுகூடச் சொல்ல முடியாதா?"

அவர் நாற்காலியை இழுத்து அமர்ந்தார். வெளியே மணற்குன்றுகளின் மேல் காற்று ஓயாமல் அடித்தது. கெண்டியை அடுப்பில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வார வியாழனன்று ஹில்டா ஒரு சொல்லும் பேசவில்லை. அலசும்போது பேசவில்லை. சுருட்டும்போது பேசவில்லை. அறையில் உலர்த்தியின் இரைச்சல் மட்டுமே கேட்டது. ஏவிஸ் சீவும்போது, கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டார்:

"எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"ஹில்டா. முப்பது வருஷமா உங்க தல என் கையில. எவ்வளவு விழுந்துச்சு?"

"...அம்பது."

"அம்பதா!"

"ரெண்டு இருபத்தஞ்சு. நான் என்னடீ பண்றது, அதுவா வந்துச்சு. வேணாம்னா சொல்ல முடியும்?" ஹில்டாவின் கண்கள் கலங்கியிருந்தன. "பாதி ஒனக்குத் தந்துர்றேன். நான்தான உன்னய எழுத வச்சேன்."

"எனக்கு எதுக்கு உங்க காசு?" ஏவிஸ் சீப்பை வைத்துவிட்டார். "அந்தக் கடைசி ஒண்ணுல அவரு இருக்கணும்னு நெனச்சேன், ஹில்டா. விழணும்னு இல்ல. இருந்தாப் போதும்னு. அவ்ளோதான்."

ஹில்டா பாதி சீவிய தலையோடு திரும்பி அவரைப் பார்த்தார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாடீ, மடச்சி?"

"நீங்க கேட்டப்போ அது காரணமாவே தோணல. பைத்தியக்காரத்தனமா தோணுச்சு."

"இந்த ஊர்ல பத்திரம் வச்சிருக்கற எவளுக்குடீ பைத்தியம் இல்ல?"

நவம்பரின் கடைசி நாள் ஞாயிறாக அமைந்தது. ஜனீன் வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் ஏவிஸ் மேசையில் கைகளை வைத்து, யாரும் கேட்காமலே அறிவித்தார்: இருபதாயிரம், ஜனீன் சொன்ன திட்டங்களில் ஏதாவது ஒன்றில். எது என்பதை ஜனீனே பார்த்துக்கொள்ளட்டும். மிச்சம் இரண்டாயிரம், பரிசுப் பத்திரத்தில், ஏவிஸ் கார்ட்மெல் என்ற பெயரில், இன்றைக்கே.

"இன்னைக்கேவா? ஏம்மா?"

"மாசக் கடைசி. ஹில்டா கொன்னுடுவா."

"ரெண்டாயிரத்துக்கு வருஷத்துக்கு ஒண்ணு விழுந்தா பெரிசு" என்றார் ஜனீன். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன். இது சரியா?"

வைப்பில் வரும் வட்டி, ஒரு நாள் வருமானத்தை மட்டும் ஈடுகட்டும் என்றேன். இரண்டு நாளை அல்ல. பத்திரத்தில் போடும் பகுதியால் ஆண்டுக்குச் சில பத்துப் பவுண்டு இழப்பு நேரலாம், நேராமலும் போகலாம், பெரும்பாலும் ஒன்றும் விழாது, எப்போதாவது விழும். சரி என்றும் தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

"ஒரு நாள்னா வெள்ளிக்கிழமையை விட்டுர்றேன்" என்றார் ஏவிஸ். "வியாழன் இருக்கட்டும்."

"விரல்?"

"ஹில்டாவுக்கு இப்ப முடியே பாதிதான் இருக்கு. பாதி ரோலர் போதும்."

ஜனீன் அம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இடக்கையால் ஏவிஸ் கைப்பேசியில் தொகையை அழுத்தினார். இருமுறை தவறாக அழுத்தினார். ஒருமுறை இரண்டு லட்சம் என்று விழுந்து மூவரும் அலறினோம்.

ஜனவரித் தொடக்கத்தில் ஒரு காலை. ஏவிஸின் எண்கள் முதன்முறையாகக் குலுக்கலில் சேர்ந்திருந்தன. நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவர் இரவங்கியோடு வந்து, சன்னல் வெளிச்சத்தில் நின்று, கைப்பேசியைக் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோனார்.

"வரலை" என்றார்.

பிறகு கெண்டியில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார்.